இன்னொரு மாட் போட இடம் இருக்கிறதா?

மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் புகார் பழக்கமானது. நேற்று வரை ஒழுங்காக ஓடிய கேமில் ஒரே ஒரு புது மாட் போட்டார்கள், இன்று கேம் திறக்கவே இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. ராம் 16 ஜிபி. போட்ட மாட்டின் கோப்பு இரண்டு மெகாபைட் கூட இருக்காது. ஆனாலும் கிராஷ். அதே நேரம் வேறொருவர் இதைவிடப் பழைய கம்ப்யூட்டரில் 200 மாட் போட்டுக்கொண்டு நிம்மதியாக விளையாடுகிறார். அப்படியானால் ஒரு கேம் எத்தனை மாட் தாங்கும்? ஒரே எண்ணாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. ஏன் முடியாது என்று தேடிப்போனால், கம்ப்யூட்டர் உலகையே எப்படி எழுதி வைக்கிறது என்பது வரை போக வேண்டியிருக்கிறது.

மாட் என்பது விளையாட்டைத் தயாரித்தவர்கள் அல்லாமல், வெளியார் எழுதிச் சேர்க்கும் நிரல். புதுக் கற்கள், புது இயந்திரங்கள், புது விலங்குகள், சில சமயம் புது உலகங்களே கூட ஒரு மாட்டில் வரும். இன்ன கதை, இன்ன முடிவு என்று கட்டாயம் இல்லாமல், கொடுத்த பொருள்களை வைத்து நம் விருப்பப்படி கட்டி விளையாடுவதை மணற்பெட்டி விளையாட்டு என்கிறார்கள். சுவீடனில் மார்க்கஸ் பெர்சன் எழுதி 2009-இல் வெளிவந்த மைன்கிராஃப்ட் இவ்வகையில் மிகப் பிரபலமானது. அதன் அதிகாரபூர்வ முதல் பதிப்பு 2011 நவம்பரில் வந்தது. ஜாவா மொழியில் எழுதப்பட்டதால் அதைப் பிரித்துப் பார்த்து மாற்றுவது ஓரளவு எளிதாக இருந்தது. மாட்கள் பெருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அந்த உலகம் முழுக்கக் கனசதுரக் கட்டிகளால் ஆனது. விளையாடுபவர்கள் அவற்றை பிளாக் என்பார்கள். தரையில் 16-க்கு 16 பிளாக் கொண்ட சதுரத்தை அடியிலிருந்து உச்சி வரை வெட்டி எடுத்தால் அது ஒரு துண்டம். ஆரம்ப காலத்தில் உயரம் 128. ஆக ஒரு துண்டத்தில் 32,768 பிளாக். ஒவ்வொரு இடத்திலும் கல்லா, மண்ணா, வெறும் காற்றா என்பதை நினைவகத்தில் குறித்து வைக்க வேண்டும். 'கல்' என்று பெயரை எழுதி வைத்தால் கட்டுபடியாகாது. அதனால் ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். கல்லுக்கு 1, புல்தரைக்கு 2, மண்ணுக்கு 3. அந்த எண்ணை எழுத ஒரு இடத்துக்கு ஒரு பைட் ஒதுக்கினார்கள். ஒரு பைட்டில் எட்டு பிட். ஒவ்வொரு பிட்டிலும் 0 அல்லது 1 மட்டுமே நிற்கும். எட்டையும் எப்படி மாற்றிப் போட்டாலும் 256 விதம்தான் கிடைக்கும். 0 முதல் 255 வரை.

ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் மாணவர் எண் எழுத மூன்று கட்டங்கள் அச்சிட்டிருக்கிறார்கள். 999 வரை எழுதலாம். அடுத்த பிள்ளை வரும்போது வகுப்பில் பெஞ்ச் காலியாக இருக்கலாம், சத்துணவுக்கு அரிசி இருக்கலாம், ஆசிரியரும் இருக்கலாம். எண்ணை எழுதத்தான் கட்டம் இல்லை. காலியாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கும், இரண்டு மெகாபைட் மாட்டை ஏற்க மறுக்கும் கேமும் பல ஆண்டுகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருந்தன.

ஒரு பைட்டோடு நிறுத்தியதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளையாடுபவரைச் சுற்றி நூற்றுக்கணக்கான துண்டங்கள் எப்போதும் நினைவகத்தில் இருக்க வேண்டும். பைட்டை இரண்டாக்கினால் பிளாக் எண்களுக்கான செலவு அப்படியே இரட்டிப்பாகும். அன்று கையில் இருந்த பிளாக் வகைகளோ நூறைச் சுற்றித்தான். சிக்கனம் எந்த அளவுக்கு என்றால், நிறம், திசை போன்ற சில்லறை விவரங்களுக்கு அரை பைட், அதாவது நான்கு பிட் மட்டும் தந்தார்கள். நான்கு பிட்டில் 16 விதம் எழுதலாம். மைன்கிராஃப்ட் கம்பளிக்கு 16 நிறங்கள் இருப்பது அந்த இடத்தை முழுதாக நிரப்பிவிடுகிறது. அன்றைய ஆட்டக்காரர்களுக்குக் கம்பளி 35. சிவப்புக் கம்பளி வேண்டுமென்றால் 35:14, கறுப்பு 35:15. பதினேழாவது நிறம் சேர்க்க அந்த வரியில் இடமே கிடையாது. வெளிச்சமும் அப்படித்தான், 0 முதல் 15 வரை. தீப்பந்தத்தின் வெளிச்சம் 14.

மாட்கள் வந்ததும் இடநெருக்கடி தொடங்கியது. மின் இயந்திரங்கள் தரும் இண்டஸ்ட்ரியல்கிராஃப்ட், குழாய்கள் தரும் பில்ட்கிராஃப்ட் என்று ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய எண்களைத் தானே எடுத்துக்கொண்டது. இரண்டு மாட் எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் 200 என்ற எண்ணையே எடுத்திருந்தால், 'அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது' என்ற செய்தியோடு கேம் நின்றுவிடும். அதைத் தீர்க்க விளையாடுபவரே ஒவ்வொரு மாட்டின் அமைப்புக் கோப்பையும் நோட்பேடில் திறந்து எண்களை மாற்ற வேண்டும். நூறு மாட் கொண்ட தொகுப்பு ஒன்றைத் தயாரித்தவர்கள் இந்த எண் சண்டையைத் தீர்ப்பதற்கே பல நாள் செலவிட்டார்கள். ஏற்கெனவே கட்டிய உலகில் எண்ணை மாற்றினால் அது இன்னும் மோசம். நேற்று உலையாக இருந்த இடத்தில் இன்று வேறு மாட்டின் மரக்கட்டை நிற்கும். கோப்பில் எண் அப்படியே இருக்கிறது, எண்ணுக்கான பொருள்தான் மாறிவிட்டது.

2012 மார்ச்சில் வந்த 1.2 பதிப்பு உலகத்தைச் சேமிக்கும் முறையை மாற்றியது. உயரம் 256 ஆனது. பிளாக் எண்ணுக்குக் கூடுதலாக நான்கு பிட் சேர்த்துக்கொள்ள வழி வைத்தார்கள். எட்டும் நான்கும் பன்னிரண்டு பிட், 4096 எண்கள். மைன்கிராஃப்ட் தன் சொந்த பிளாக் எதற்கும் இந்தக் கூடுதல் இடத்தைத் தொடவே இல்லை. முழுக்க முழுக்க மாட்களே அதில் குடியேறின. 2013-இல் வந்த 1.7 பதிப்பிலிருந்து எண்களைக் கையால் பங்கிடும் வேலையும் ஒழிந்தது. ஒவ்வொரு பிளாக்குக்கும் எந்த மாட்டுடையது என்று சொல்லும் முழுப்பெயர் வந்தது. மாட்களை ஏற்றித் தரும் ஃபோர்ஜ் என்ற நிரல், காலியான எண்களைத் தானே பங்கிட்டு, எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற அட்டவணையை அந்தந்த உலகத்தின் கோப்பிலேயே எழுதி வைத்தது.

சண்டை தீர்ந்தது, உச்சவரம்பு அப்படியே இருந்தது. அலங்காரக் கற்கள், தூண்கள், படிக்கட்டுகள் என்று சில மாட்கள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் பிளாக் கொண்டுவரும். பெரிய தொகுப்பில் 4096 தீர்ந்துபோவது அதிசயமே இல்லை. இந்த வரம்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். ஒன்றும் செய்யாத வெறும் பிளாக்குகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யும் ஒரு குட்டி மாட் எழுதினால் போதும். கடைசி எண் வரை சத்தமில்லாமல் ஏற்கும், அடுத்ததில் எண் வரம்பு தாண்டிவிட்டது என்று சொல்லி நின்றுவிடும். கம்ப்யூட்டரை மாற்றினாலும், ராமைக் கூட்டினாலும் அதே எண்ணில்தான் நிற்கும். எங்கே ஓட்டினாலும் ஒரே இடத்தில், அதுவும் இரண்டின் அடுக்காக வரும் எண்ணில் தடை விழுந்தால், குறை வன்பொருளில் இல்லை, எண்ணுக்கு ஒதுக்கிய கட்டத்தில்தான் என்று துணிந்து சொல்லலாம். இந்தத் தடையை உடைக்கவே நாட்எனஃப்ஐடிஸ் என்ற மாட் 1.7.10 பதிப்புக்கு வந்தது. பிளாக் சேமிக்கும் முறையையே திருத்தி எழுதி வரம்பை 32,768 ஆக்கியது. மாட்களுக்கு இடம் பிடிக்க ஒரு மாட்!

அசலான தீர்வு 2018 ஜூலையில் வந்த 1.13 பதிப்பில் கோப்புக்குள் இறங்கியது. மைன்கிராஃப்ட்டுக்கே அப்போது நெருக்கடி முற்றியிருந்தது. 2017-இல் வந்த 1.12-இல் அதன் சொந்த பிளாக்குகள் 255 வரை எட்டியிருந்தன. 253, 254 இரண்டு எண்கள் மட்டும் பாக்கி. புதிய முறைக்கு வண்ணத்தட்டு முறை என்று பெயர் வைக்கலாம். நம் பள்ளிக்கூடத்தில் மொத்தம் ஐயாயிரம் பிள்ளைகள் இருந்தாலும், ஒரு வகுப்பின் வருகைப் பதிவேட்டில் 1 முதல் 40 வரைதான் எண். பதிவேட்டின் முதல் பக்கத்தில் 1 யார், 2 யார் என்று முழுப்பெயர் ஒருமுறை எழுதியிருக்கும். தினமும் கூப்பிடுவது சின்ன எண்ணை. 1.13 இதையே செய்கிறது. துண்டத்தை 16 பிளாக் உயரமுள்ள பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பட்டியல் வைக்கிறது. அந்தப் பகுதியில் இருக்கும் பிளாக் வகைகளின் முழுப்பெயர்கள் மட்டும் அதில் இருக்கும். அந்தப் பகுதியின் 4096 இடங்களிலும் எழுதப்படுவது பட்டியலில் அந்த வகை எத்தனையாவது என்பது மட்டுமே. பூமிக்கடியில் பெரும்பாலும் கல், சரளை, கொஞ்சம் நிலக்கரி, இரும்பு. வகைகள் பதினாறுக்குள் இருந்தால் ஓரிடத்துக்கு நான்கு பிட் போதும். மொத்தப் பகுதிக்கும் 2048 பைட். பழைய முறையில் நிறம், திசைக்கான அரை பைட்டைச் சேர்க்காமலே 4096 பைட் ஆனது.

வகைகள் கூடினால் பிட் ஐந்தாகும், ஆறாகும். எதுவரை? ஒரு பகுதியில் இருப்பதே 4096 இடம். ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு வகை வைத்தாலும் பன்னிரண்டு பிட்டுக்கு மேல் தேவைப்படாது. உலகத்தில் மொத்தம் எத்தனை லட்சம் வகைகள் வந்தாலும் சரி, ஓரிடத்தில் எழுதும் எண் பெரிதாகாது. இடத்தையும் மிச்சப்படுத்தி உச்சவரம்பையும் நீக்கிய இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று பல ஆண்டுகள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இதே கதை வேறு விளையாட்டுகளிலும் உண்டு. 2011-இல் வந்த ஸ்கைரிம் விளையாட்டில் ஒவ்வொரு வாளுக்கும், ஆளுக்கும், கதவுக்கும் 32 பிட் எண். அதில் முதல் எட்டு பிட் அந்தப் பொருள் எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். 256-இல் கடைசி எண்ணை, விளையாட்டு ஓடும்போது புதிதாகப் பிறக்கும் பொருள்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் 255 கோப்புகள். விளையாட்டின் சொந்தக் கோப்புகளும் இதில் அடக்கம். மீதி 24 பிட்டில் ஒவ்வொரு கோப்பும் ஒன்றரைக் கோடிக்கு மேல் பொருள் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு தொப்பியைச் சேர்க்கும் மாட்டுக்கும் அந்தக் கோடியும் சொச்சமும்தான். ஆட்டக்காரர்கள் பல சிறு மாட்களை ஒன்றாக ஒட்டி ஒரே கோப்பாக்கிச் சமாளித்தார்கள். 2017-இல் தயாரிப்பாளர்களே சிறு மாட்களுக்கு வழிவிட்டார்கள். 256-இல் ஒரே ஒரு எண்ணை எடுத்து, அதன் உள்ளே பன்னிரண்டு பிட்டை மாட்டின் அடையாளத்துக்குக் கொடுத்தார்கள். இழந்தது ஒரு இடம், கிடைத்தது 4096.

எண்களுக்கு இடம் கிடைத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுவர் நினைவகம். அதிலும் பலருக்குத் தெரியாத ஒரு தனி அறை இருந்தது. ஜாவா 7 வரை, நிரல்களின் வரையறைகளை வைக்க பெர்ம்ஜென் என்ற தனிப் பகுதி உண்டு. யாரும் மாற்றாமல் விட்டால் அதன் அளவு பெரும்பாலும் 100 மெகாபைட்டுக்கும் குறைவு. மாட் எண்ணிக்கை கூடக் கூட நிரப்பப்படுவது இந்த அறைதான், ஏனெனில் ஒவ்வொரு மாட்டும் நூற்றுக்கணக்கில் வரையறைகளைக் கொண்டுவருகிறது. அது நிரம்பினால், பொது நினைவகத்தில் பல ஜிபி காலியாக இருந்தாலும் கேம் விழும். கேமுக்குக் கூடுதல் ராம் ஒதுக்கியும் பலன் இல்லையே என்று பலர் குழம்பியது இதனால்தான். அந்தப் பகுதியைப் பெரிதாக்கத் தனியாக ஒரு கட்டளை வரி சேர்க்க வேண்டியிருந்தது. 2014-இல் வந்த ஜாவா 8 இந்தப் பிரிவினையை நீக்கியது. படங்களுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பிளாக் படங்கள் எல்லாம் ஆரம்பத்தில் 256 சதுரங்கள் கொண்ட ஒரே தாளில் இருந்தன. 2013-இன் 1.5 பதிப்பிலிருந்து படங்களைத் தனித்தனியாகக் கொடுத்தால் கேமே சேர்த்து ஒட்டிப் பெரிய தாளாக்கிக்கொள்கிறது. அந்தத் தாள் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை கிராஃபிக்ஸ் கார்டு தீர்மானிக்கிறது.

கடைசிச் சுவர் நேரம். இதைக் கட்டம் கூட்டி உடைக்க முடியாது. மைன்கிராஃப்ட் உலகம் நொடிக்கு 20 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் 50 மில்லிநொடி. அதற்குள் பயிர் வளர வேண்டும், ஆடு நகர வேண்டும், உலை எரிய வேண்டும், ஒவ்வொரு மாட்டின் ஒவ்வொரு இயந்திரமும் தன் முறை வந்ததும் தன் வேலையை முடிக்க வேண்டும். ஒரு இயந்திரம் எடுத்துக்கொள்வது ஒரு மில்லிநொடியில் நூறில் ஒரு பங்கு என்று வையுங்கள். அப்படி 5000 இயந்திரங்கள் இருந்தால் 50 மில்லிநொடியும் அங்கேயே தீர்ந்தது. அதற்கு மேல் போனால் உலகம் மெதுவாகும். கதவைத் திறந்தால் ஒரு நொடி கழித்துத் திறக்கும், வெட்டிய மரம் மறுபடி முளைத்து நிற்கும். சர்வரின் பதிவில் 'ஈடுகொடுக்க முடியவில்லை' என்ற எச்சரிக்கை வரும். லேக் அடிக்கிறது என்று பிள்ளைகள் சொல்வதில் ஒரு வகை இது.

ப்ராசசரில் எட்டு கோர் இருக்கிறதே, வேலையைப் பிரித்துக் கொடுக்கலாமே என்று கேட்கலாம். ஒரு பெட்டியில் ஒரே ஒரு வைரம் இருக்கிறது. ஒரு கோரில் ஓடும் குழாய் அதை எடுக்கிறது, அதே கணத்தில் இன்னொரு கோரில் ஓடும் இயந்திரமும் எடுக்கிறது. இரண்டுமே 'இருக்கிறது' என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தன. ஒரு வைரம் இரண்டாகிவிடும். இதைத் தடுக்க ஒவ்வொரு பெட்டிக்கும் பூட்டுப் போட்டால் காத்திருப்பிலேயே நேரம் போகும். அதனால் உலகத்தின் முக்கியக் கணக்கு பெரும்பாலும் ஒரே வரிசையில், ஒரே கோரில் நடக்கிறது. மாட் எழுதுபவர்களும் அதை நம்பித்தான் எழுதுகிறார்கள்.

ஆக, 300 மாட் ஓடும் கம்ப்யூட்டரும் 40 மாட்டில் திணறும் கம்ப்யூட்டரும் இருப்பதில் புதிர் இல்லை. முந்தையவரின் மாட்களில் பாதி, மெனுவை அழகாக்குவதும் வரைபடம் காட்டுவதுமாக இருக்கலாம். பிந்தையவரின் நாற்பதில் மூன்று, ஒவ்வொரு துடிப்பிலும் உலகம் முழுவதையும் துழாவிக்கொண்டிருக்கலாம். எது தின்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் நேரம் எங்கே போகிறது என்று அளந்து காட்டும் கருவிகள் உண்டு. ஸ்பார்க் அவற்றில் ஒன்று.

இதைத் தவிர, எந்தக் கட்டத்திலும் அடங்காத ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு மாட் சேர்ந்து ஓடுமா என்பது ஒரு கேள்வி. 200 மாட்கள் இருந்தால் இப்படிப்பட்ட ஜோடிகள் 19,900. இரண்டு மாட்கள் கேமின் ஒரே செயலை ஆளுக்கொரு விதமாகத் திருத்தியிருக்கலாம். மூன்று மாட்கள் மூன்று விதத் தாமிரம் கொண்டுவந்து, ஒன்றின் தாமிரத்தை மற்றதன் இயந்திரம் ஏற்காமல் போகலாம். இத்தனை ஜோடிகளையும் யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பெரிய தொகுப்புகள் உடைவதற்கு இன்று இதுவே முதல் காரணம் என்பது என் கணிப்பு.

குற்றவாளியைப் பிடிக்கும் முறை ஒன்று அருமையானது. 256 மாட்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. பாதியை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். கிராஷ் ஆனால் குற்றவாளி மிச்சத்தில், ஆகாவிட்டால் எடுத்ததில். இப்படி 128, 64, 32 என்று பாதியாக்கிக்கொண்டே போனால் எட்டே முறையில் ஒரு மாட்டில் வந்து நிற்கும். ஒரு மாட் இன்னொன்றை நம்பி ஓடுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டு பாதிகளும் தனித்தனியே நன்றாக ஓடி, சேர்த்தால் மட்டும் விழுந்தால், குற்றவாளி ஒரு மாட் அல்ல, ஒரு ஜோடி. ஒன்று இந்தப் பாதியில், மற்றது அந்தப் பாதியில் இருக்கிறது. இத்தனைக்கும் முன்னால் கிராஷ் அறிக்கையைத் திறந்து பாருங்கள். நின்றுபோன கணத்தில் எந்த மாட்டின் நிரல் ஓடிக்கொண்டிருந்தது என்பது பல சமயம் மேல் வரிகளிலேயே இருக்கும்.

புது மாட் போடும் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கு உதவும் பெரியவர்களுக்கும் இரண்டு வார்த்தை. மாட்களை மொத்தமாகக் கொட்டாதீர்கள், ஐந்தைந்தாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். அதற்கும் முன்னால் உங்கள் உலகம் இருக்கும் கோப்புறையை வேறோரிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். ஒரு மாட்டை எடுத்துவிட்டு உலகத்தைத் திறந்து சேமித்துவிட்டால், அந்த மாட்டின் பிளாக்குகள் இருந்த இடமெல்லாம் வெறுமையாகிவிடும். மாட்டைத் திரும்பப் போட்டாலும் அவை திரும்பி வராது.